சாய்ந்த எழுத்தும் அப்பாவின் பேரும்

(மூன்றாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் மூன்று வாரமாகக் கண்ட இடத்தில் எல்லாம் என்னை மடக்கிக் கேட்டுவிட்டார். "கவிதை மட்டும் வேண்டாம்மா, கவிதை ஏற்கெனவே நாற்பது வந்தாச்சு" என்று கூடவே ஒரு நிபந்தனை. கவிதை எனக்கு வராது. கதையும் வராது. எனக்குக் கொஞ்சம் நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது ஓர் எழுத்துரு. அதைப் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்துரு உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நம்பவில்லையா? பீரோ மேலே கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். லேசாக வலது பக்கம் சாய்ந்து, ஒடுங்கலாக, பேனாவால் எழுதிய மாதிரி இருக்கும். பெரிய எழுத்துகளுக்கு மட்டும் தலையிலோ காலிலோ ஒரு வால் சுழித்துக்கொண்டு போகும். போன வருஷம் சிம்போசியத்தில் நீங்கள் வாங்கிய சான்றிதழிலும் அதேதான். ஸ்கூலில் ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுத்த சான்றிதழிலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அதன் பெயர் மோனோடைப் கார்சிவா. எங்கள் கடையில் 'பத்திரிகை எழுத்து' என்பார்கள். எங்கள் அண்ணாச்சி அதைக்கூடச் சொல்ல மாட்டார். "அந்த வாலு எழுத்தப் போடு" என்பார்.

கடை என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சிவகாசி. அப்பா ஒரு பிரஸ்ஸில் பேப்பர் பண்டல் இறக்குகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ரீம் கட்டுகளைத் தோளில் தூக்கி லாரிக்கும் குடோனுக்கும் நடக்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீஸ். அக்கா எட்டாவதோடு நின்று நோட்டு பைண்டிங் வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான்தான், அதுவும் அக்கா சம்பளத்தில் பாதி எனக்கு ஃபீஸாகப் போனதால்தான் தாண்டினேன். முதல் வருஷத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். தமிழ்ப் பக்கம் ஒரு மாதிரி வந்துவிடும். ஆங்கிலப் பக்கம் என்றால் கை தானாக எழுத்துரு பட்டியலில் கார்சிவாவுக்குப் போய்விடும்.

அது யார் எழுதியது, எங்கிருந்து வந்தது என்று ஒரு வருஷம் நான் யோசித்ததே இல்லை. கம்ப்யூட்டரோடு வந்தது, அவ்வளவுதான். ஆனால் போன ஆவணியில் ஒரு சம்பவம் நடந்தது.

ஒரு பார்ட்டி வந்து ஐநூறு கார்டு கொடுத்தார்கள். "ஆங்கிலத்துல பேரெல்லாம் நல்லா கிராண்டா, பெருசா இருக்கணும்" என்றார்கள். நம் ஊரில் பெரியவர்கள் பெயரைச் சின்ன எழுத்தில் போடுவது மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு உண்டு. அதனால் நான் கேப்ஸ் லாக்கை அமுக்கி மாப்பிள்ளை, பெண், இரண்டு வீட்டு அப்பா அம்மா, மண்டபம் எல்லாவற்றையும் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், கார்சிவாவில் போட்டுவிட்டேன். போதாததற்குத் தடிமனாகத் தெரியட்டும் என்று 'பி' பட்டனையும் தட்டினேன். புரூஃப் வாட்ஸ்அப்பில் போனது. கட்டைவிரல் பொம்மை திரும்பி வந்தது. கோல்டு கலரில் ஸ்கிரீன் பிரிண்டிங் ஓட்டியாகிவிட்டது.

மறுநாள் காலையில் பெண்ணின் தாய்மாமன் கார்டுக் கட்டோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. ஒரு கார்டை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்து, "எங்க புள்ள பேரு எதுன்னு படிங்க அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு எழுத்தும் தன் வாலை அடுத்த எழுத்தின் மேல் போட்டிருந்தது. 'பி' தட்டியதால் உள் ஓட்டைகள் அடைந்து, அதற்கு மேல் ஸ்கிரீனில் மை கசிந்து, அந்தப் பெயர் ஏதோ மருதாணி டிசைன் மாதிரி இருந்தது.

ஐநூறும் திரும்ப அடித்துக் கொடுத்தோம். புரூஃபுக்கு ஓகே சொன்னது அவர்கள்தானே என்று நான் மெதுவாகச் சொன்னேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவுக இங்கிலீஷ் படிக்கிறவுகளா இருந்தா நம்மகிட்ட ஏன் வாராக?" என்றார். பத்து வாரம், வாரம் நூறு ரூபாய் என் சம்பளத்தில் பிடித்தார். அது நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. அன்று ராத்திரி தலையணையில் முகத்தை வைத்து அழுதேன்.

அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. அந்த எழுத்து மேலேயே கோபம். யார்யா இதை வரைஞ்சது என்று தேட ஆரம்பித்தேன். எங்கள் டிபார்ட்மென்ட் சார் லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டேன்.

கதை இத்தாலியில் ஆரம்பிக்கிறது. லுடோவிகோ டெக்லி அரிகி என்று ஒருவர். ரோம் நகரத்தில் போப்பாண்டவரின் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிற எழுத்தர். நம் தாலுகா ஆபீஸில் இருப்பாரே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், இவர் கை மட்டும் தங்கக் கை. 1522 என்று ஆண்டு போட்டு 'லா ஓபெரினா' என்ற 32 பக்கப் புத்தகம் வெளியிட்டார். அந்தச் சாய்வெழுத்தை எப்படி எழுதுவது என்று பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற புத்தகம். அதை ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கவில்லை. அவர் கையெழுத்தை அப்படியே மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். செதுக்கியவர் உகோ டா கார்பி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் வேறு. அந்த எழுத்து அலங்காரத்துக்காக வந்ததே இல்லை! ஆபீஸில் குவிந்து கிடக்கிற கடிதங்களைச் சீக்கிரம் எழுதி முடிக்க வந்தது. கார்சிவா என்றாலே இத்தாலிய மொழியில் ஓடுகிற எழுத்து என்று பொருள். பேனாவைத் தூக்கித் தூக்கி வைக்காமல் ஓட்டினால் எழுத்து தானாகச் சாயும், தானாக ஒடுங்கும். ஆக, அன்றைக்கு அவசரத்துக்கு எழுதியதை இன்றைக்கு நாம் ஆடம்பரத்துக்குப் போடுகிறோம்.

தடிப்பும் மெலிவும் எப்படி வருகிறது என்பதை நீங்களே செய்து பார்க்கலாம். ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து நுனியைப் பிளேடால் நேராகச் சீவுங்கள். மையில் தொட்டு, நுனி சுமார் 45 டிகிரி சாய்வில் இருக்கும்படி பிடியுங்கள். பிடித்த கோணத்தை மாற்றாமல் கீழே இழுத்தால் தடிப்பாக வரும், வலது பக்கம் மேலே ஏற்றினால் முடி மாதிரி மெலிந்து வரும். இறகுப் பேனாவும் இப்படித்தான். நம் தமிழ் எழுத்துக்கு இந்த வித்தை பிறப்பிலேயே கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் கோடு எங்கும் ஒரே கனம்தான். ஆகவே தமிழில் சாய்வெழுத்து என்று தனியாக ஒரு மரபும் இல்லை. கம்ப்யூட்டரில் 'ஐ' பட்டனைத் தட்டித் தமிழைச் சாய்க்கிறோமே, அது மெஷின் பிடித்துத் தள்ளிய சாய்வு. புயலில் சாய்ந்த வாழைத்தோட்டம் மாதிரி எனக்கு எப்போதும் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அச்சில் சாய்வெழுத்து அரிகிக்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் 1501-ல் வெர்ஜில் கவிஞரின் நூலை முழுக்கச் சாய்வெழுத்தில் அச்சடித்தார். எழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அதில் ஒரு வேடிக்கை: சின்ன எழுத்துகள்தான் சாய்ந்திருக்கும், பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நிற்கும். அரிகியும் பிற்பாடு, 1524 வாக்கில், தானே எழுத்து வார்க்கச் செய்து புத்தகங்கள் அச்சடித்தார். 1527-ல் படைகள் ரோம் நகரத்தைச் சூறையாடின. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஐந்து வருஷம் முன்னால் ஊருக்கே எழுதக் கற்றுக் கொடுத்தவர், எங்கே போனார் என்றே தெரியவில்லை.

இடைப்பட்ட நானூறு வருஷத்தை நான் தாண்டிவிடுகிறேன். 1979-ல் ஹெர்மன் சாஃப் என்ற ஜெர்மானியர் இதே இத்தாலியக் கையை வைத்து 'சாஃப் சான்சரி' வரைந்தார். 1986-ல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் பிளஸ் பிரிண்டருக்குள்ளேயே அது வைக்கப்பட்டிருந்தது. நம் மோனோடைப் கார்சிவா 1990-களில் வந்தது. இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத்துக்காக, அரிகி காலத்து எழுத்தைப் பார்த்து வரைந்தவர் பாட்ரீசியா சாண்டர்ஸ் என்ற பெண்மணி. 'ஆபீஸ் 97' மென்பொருளோடு சேர்ந்து வந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. போப்பாண்டவர் ஆபீஸிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு!

அந்த வால் வைத்த பெரிய எழுத்துகள் ஒரு சொல்லின் தலையில் தனியாக நிற்பதற்காக வரையப்பட்டவை. இது தெரிந்தபோது என் ஐநூறு கார்டு கண் முன்னால் வந்தது. கல்யாண வீட்டில் வாசலில் ஒரு வாழை மரம் கட்டினால் அழகு. பந்திக்கு உள்ளே வரிசையாகக் கட்டினால் சாப்பிடுகிறவன் எங்கே உட்காருவான்? நீளமான மேட்டருக்கும் இது ஆகாது. இதன் சின்ன எழுத்துகளின் உடம்பு ரொம்பக் குட்டை. டைம்ஸ் எழுத்தில் 12 பாய்ண்ட் போட்டால் படிக்கலாம், இதே 12 பாய்ண்டில் கார்சிவா எறும்பாகத் தெரியும். எங்கள் கடையில் இப்போது 14-க்குக் கீழே இதைத் தொடுவதில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் 16. மெல்லிய கோடு ஸ்கிரீன் துணியில் அறுந்துபோகும். மேலேயும் கீழேயும் நீளுகிற கால்களுக்கு வரி இடைவெளியும் கூட விட வேண்டும். 'பி' பட்டன் பக்கமே போகக் கூடாது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கனம்தான். அழைப்பிதழ், சான்றிதழ், வாழ்த்து அட்டை, ஓட்டலில் மெனு கார்டின் தலைப்பு, அதற்கு இது ராஜா. மற்ற இடத்தில் வேண்டாம்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு நிபுணர் மாதிரி உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா கல்யாணம் வந்தது.

தையில் முகூர்த்தம். கார்த்திகைக் கடைசியில் பத்திரிகை. முந்நூறு கார்டு. அண்ணாச்சி கார்டை வாங்கின விலைக்கே கொடுத்தார், அடிக்கிற கூலி வேண்டாம் என்றுவிட்டார். அக்கா அவளோடு வேலை பார்த்த ஒருத்தியின் பத்திரிகையைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஆங்கிலப் பக்கம் முழுக்க இந்த மாதிரியே இருக்கணும். எல்லார் பேரும்" என்றாள். கார்சிவாதான். அவள் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. ஆறு வருஷமாகப் பசையும் பேப்பரும் ஒட்டின விரலோடு எனக்கு ஃபீஸ் கட்டினவள். சந்தோஷமாக அன்று ராத்திரியே போட்டுவிட்டேன். எல்லாம் முறைப்படி: தலையெழுத்து மட்டும் பெரியது, 18 பாய்ண்ட், பெண் மாப்பிள்ளை பெயர் 28. புரூஃப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா மூன்றாவது வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். தமிழ்ப் பக்கத்தில் தன் பெயரைக் கண்டுபிடித்து இரண்டு தரம் படித்தார். பிறகு தாளைத் திருப்பினார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் தன் பெயர் மட்டும் தெரியும். பிரஸ்ஸில் கொடுத்த அடையாள அட்டையில் நேரான கொட்டை எழுத்தில் அது இருக்கிறது. தினமும் காலையில் கேட்டில் அதைக் காட்டி உள்ளே போகிறவர். படம் மாதிரி மனதில் வைத்திருக்கிறார். முதலில் இரண்டு மலை, கடைசியில் சாய்ச்சு வைத்த ஏணி என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்.

விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். கீழிருந்து மேலே போனார். "என் பேரு இதுல எங்க இருக்கு தாயி?" என்றார்.

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மலையக் காணோமே. பாம்பு படுத்திருக்கிற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தார். சிரித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "நல்லா இருக்கு, அடிச்சிரு" என்றார்.

என்னால் அடிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் எத்தனை ஊர்க் கல்யாணப் பத்திரிகைக்குப் பேப்பர் தூக்கியிருப்பார். இந்த ஒரு பத்திரிகையில்தான் அவர் பெயர் முதல் தடவையாக அச்சில் வருகிறது. அதை அவரால் கண்டுபிடிக்க முடியாதபடி அடிக்கப் போகிறவள் நான்!

மறுநாள் கடையில் அப்பா அம்மா பெயரை மட்டும் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே ஏரியல் எழுத்தில், நிமிர்ந்த பெரிய எழுத்துகளாகப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டாரின் பெயர்களையும் சமமாக அப்படியே. பெண் மாப்பிள்ளை பெயரும் மற்ற வரிகளும் கார்சிவா. "ரெண்டும் ஒட்டலையே பாப்பா, பட்டுச் சேலைக்குக் கதர் ஜாக்கெட் போட்டாப்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி. ஒட்டும் அண்ணாச்சி, இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றேன். நிஜமாகவே அப்படித்தான். மோனோடைப்பில் 1982-ல் ஏரியலை வரைந்தவர்கள் ராபின் நிக்கோலஸும் பாட்ரீசியா சாண்டர்ஸும். வால் சுழிக்கிற கார்சிவாவை வரைந்த அதே கைதான் வாலே இல்லாத ஏரியலையும் வரைந்தது. அண்ணாச்சிக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. "அந்தம்மா வரைஞ்சா சரியாப் போச்சா?" என்றார். அளவைக் குறைத்து, ஏரியலை 11 பாய்ண்டில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்த பிறகு "இப்ப பரவால்ல" என்றார்.

அக்கா பரவாயில்லை என்று சொல்லவில்லை. புரூஃபைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "அப்பா அம்மா பேரு மட்டும் ரேஷன் கார்டுல இருக்கிற மாதிரி இருக்கு. நான் என்ன பெருசா கேட்டுட்டேன் உன்கிட்ட?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியட்டும் என்றுதான் என்றேன். "கல்யாணம் எனக்கு" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவள் பெயரோடு ஒரு காகிதம் வரப்போகிறது, அது தோழியுடையதை விட ஒரு மாற்றுக் குறைவாக இருக்கிறது என்று நினைத்தாள். அம்மா யார் பக்கமும் பேசவில்லை. அடித்துவிட்டேன். இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கவரில் மஞ்சள் தடவ ஆள் வேண்டும் என்பதால் பேசினாள்.

கட்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா முதல் கார்டை எடுத்து ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினார். விரல் நேராகப் போய் நின்றது. "இந்தா இருக்கு மலை" என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் பிரஸ் கேட்டில் வாட்ச்மேனிடமும் காட்டினாராம், அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து.

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுவீடு எல்லாம் முடிந்து அக்கா விருதுநகர் போய்விட்டாள். பத்துப் பன்னிரண்டு கார்டு மிச்சம். ஒரு நாள் ராத்திரி நான் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுல அக்கா பேரு எது?"

காட்டினேன். முதல் எழுத்தின் வாலிலிருந்து ஆரம்பித்து மெதுவாக விரலை ஓட்டிக்கொண்டு போனார், கடைசி எழுத்து வரைக்கும். திரும்ப ஒரு தடவை ஓட்டினார்.

"இது நல்லாத்தான் இருக்கு தாயி" என்றார். "உன் கல்யாணத்துக்கு என் பேரையும் இப்பிடியே போட்டுரு. ஒரு தாள்ல அடிச்சுக் கொடு, அதுக்குள்ள பாத்துப் பழகிக்கிறேன்."

அடித்துக் கொடுத்திருக்கிறேன். 48 பாய்ண்ட். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.